உப்புக்கு முன்னால் போன பெட்டி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை, "பால் காய்ச்சுக்கு நான் வரலம்மா. நீங்களே காய்ச்சிக் குடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். நீ வைத்த பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் பாதியில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடும், இல்லாவிட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். இரண்டும் வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உன் அப்பாவிடம் நாலு முழுத்தாள் வாங்கிவரச் சொன்னேன், எட்டு வாங்கி வந்திருக்கிறார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும் சொல்லப்போகிறேன். கோபப்படுவதாக இருந்தால் கடைசித் தாள் வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

கம்பத்துக்குப் பக்கத்தில் நாம் இருக்கிற தோட்டத்து வீட்டையும் திராட்சைத் தோட்டத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டு, தேனியில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போகிறோம் என்று போன மாதம் உனக்குச் சொன்னோம். நீ சென்னையில் ஏழாவது மாடியில் இருந்துகொண்டு, "சொந்த வீட்ட விட்டுட்டு வாடகை வீட்டுக்கா? யாரும்மா ஒங்களுக்கு இந்த யோசனையக் குடுத்தது?" என்று கேட்டாய். அப்பாவுக்கு மூட்டுவலி, குனிந்து நிமிர முடியவில்லை, அதனால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்துவிட்டாள் என்று நீயாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய். "அந்தப் பந்தலுக்குக் கீழ ஒக்காராம நீ எப்படிம்மா இருப்ப?" என்று நீ கேட்டபோது எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. யோசனையைக் கொடுத்தது நான்தான் தம்பி.

எனக்கு அந்த வீடு ஒருநாளும் பிடித்ததில்லை. நான் போடியில் ஏலக்காய்க் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். வாசலில் நின்றால் நாலு பேரோடு பேசலாம். தாளிக்கும்போது கறிவேப்பிலை இல்லையென்றால் எண்ணெய் காய்வதற்குள் எதிர்க்கடையில் வாங்கிவந்து போட்டுவிடலாம். கல்யாணமாகி வந்த இடத்தில் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு இல்லை. துணி காயப்போட்டால் தோட்டத்துக்கு அடித்த மருந்து வாடை ஏறிக்கொள்ளும். பாம்பு என்று யாராவது வாயால் சொன்னாலே எனக்குக் கை கால் ஓடாது. அங்கே மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒன்று, நம்மை விசாரிக்க வருகிறது போல வரும். இதையெல்லாம் நான் உன்னிடம் சொல்லவே இல்லை. நீ வேலைக்குப் போன பிறகு லீவில் வரும்போதெல்லாம், வந்த காலோடு செல்போனைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, பந்தலுக்கடியில நின்னு ஒரு குலையப் பறி, வீடியோ எடுக்கணும்" என்பாய். நானும் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே பறிப்பேன். நீ வருகிறாய் என்றால் கேஸ் அடுப்பைத் துணி போட்டு மூடிவிட்டு, விறகடுப்பில் கண்ணெரிய எரியக் கோழிக் குழம்பு வைப்பேன். நீ பஸ் ஏறிய மறுநிமிஷம் விறகில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு கேஸில் காபி போட்டுக் குடிப்பேன். உன் அப்பா ஒருமுறை கட்டிலில் படுத்தபடியே, "என்ன, சூட்டிங் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

உனக்கும் அந்த வீடு பிடித்ததில்லை என்பது உனக்கு மறந்துபோயிருக்கும். அஞ்சாம் வகுப்பு லீவில் போடிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கம்பம் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று பஸ் ஸ்டாண்டு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாய். "ஏலே, அப்பா தேடுவாகடா, வா" என்றேன். "அப்பாவ இங்கன வரச் சொல்லு" என்றாய். கண்டக்டர் இறங்கிவந்து உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே உட்காரவைத்தார். சின்னமனூர் வரைக்கும் நீ அழுதாய். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நானும் அழுதேன். அதற்குப் பிறகு உன்னைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு கதை விட்டேன். நம் பந்தல் ஒரு பச்சை அரண்மனை என்றும், தொங்குகிற குலையெல்லாம் ராசா வீட்டு விளக்கு என்றும், வாய்க்காலில் தண்ணீர் வருகிற நாளில் அரண்மனை வாசலுக்குக் கப்பல் வரும் என்றும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாய். வீட்டுக்கு வந்ததும் காகிதக் கப்பல் செய்து வாய்க்காலுக்கு ஓடினாய். இன்றைக்கு அந்த வீட்டின் மேல் உனக்கு இருக்கிற பாசத்தில் பாதி, நான் பஸ்ஸில் இட்டுக்கட்டியது. பிள்ளையின் அழுகையை நிறுத்த எல்லாத் தாயும் சொல்வதுதான். நிறுத்த வேண்டிய நேரத்தில் நான் அந்தக் கதையை நிறுத்தவில்லை, அதுதான் என் தப்பு.

உன் அப்பாவிடமும் நான் சொன்னதில்லை. இந்தச் சித்திரையில் ஒருநாள் காலையில் மோட்டார் ரூமிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். நான் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "நாம தேனிக்குப் போயிருவமா? ஒரு தெருவுல, கீழ கடை இருக்கிற மாதிரி ஒரு வீடு" என்று கேட்டுவிட்டேன். அவர் காபியைக் குடிக்காமல் என்னையே பார்த்தார். "ஒனக்கு டவுன் வீடுன்னா ஆசையா?" "கழுத்துல தாலி ஏறின நாள்ல இருந்து." "இத்தன வருசமா ஏன் சொல்லல?" "நீங்க கேக்கல." "கேக்காம சொல்ல மாட்டியா?" "சொல்லாம கேக்க மாட்டீகளா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. காபி சிந்தி வேட்டியெல்லாம் கறையானது. முப்பத்தைந்து வருஷம் ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன், சொல்லி முடிக்க ஒரு டம்ளர் காபி நேரம்கூட ஆகவில்லை. நீ இந்தத் தாளைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக உன் பெண்டாட்டியிடம் போய், அந்த ஏழாவது மாடி வீடு அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேள். அவள் பதில் சொல்லும்போது உன் கையில் போன் இருக்கக் கூடாது.

சாமான் கட்டுகிற வேலை எனக்குக் கல்யாண வேலை மாதிரி இருந்தது. திராட்சையில் கடைசி வெட்டும் வீட்டுச் சாமான் கட்டுவதும் ஒரே வாரத்தில் வந்ததால், பழம் அடுக்குகிற கொட்டகையிலேயே இரண்டையும் வைத்துக்கொண்டோம். பழம் போகிற மரப்பெட்டியிலேயே வீட்டையும் அடுக்கினேன். அதுதான் எனக்குத் தெரிந்த வழி. அடியில் காகிதம் விரித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து, காலி இருக்கிற இடத்தில் சின்னதைச் செருகி, மூடியை ஆணியடித்துத் தூக்கி ஆட்டினால் உள்ளே சத்தம் வரக்கூடாது. குலையை அடுக்குவது போலத்தான் டம்ளரையும் அடுக்கினேன். வேண்டாததைக் கழித்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. மொய்க்கு வந்த சுவர்க்கடிகாரம் மூன்று, மூன்றும் மூன்று விதமாக மணி காட்டின. மூடி இல்லாத டப்பாவும் டப்பா இல்லாத மூடியும் ஒரு சாக்கு நிறைய. உன் அப்பா ஒவ்வொரு மூடியையும் எடுத்துப் பார்த்து, "இதுக்குச் சோடி எங்கனயாச்சும் இருக்கும்" என்றார். "அத நீங்க தேடிக்கிட்டு இங்கனயே இருங்க, நான் தேனிக்குப் போறேன்" என்றேன். ஆட்டுக்கல்லைப் பார்த்ததும் குத்தகைக்கு வருகிற வீட்டுப் பெண், "இத மட்டும் விட்டுட்டுப் போங்கக்கா" என்று கெஞ்சினாள். அவள் கேட்காவிட்டாலும் விட்டுவிட்டுத்தான் போவேன். அதை யார் மாடிப்படியில் தூக்குவது?

இனி நீ கோபப்பட வேண்டிய இடம். "என் ரூம்ல ஒண்ணையும் தொடாதீக. அது அப்படியே கெடக்கட்டும்" என்று நீ சொல்லியிருந்தாய். ஆனால் குத்தகைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு அறை வேண்டாமா? உன்னிடம் சொல்லாமல் உன் அறையை நானே கட்டினேன். மற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் அரை மணி நேரம் ஆனால், உன் ஒரு பெட்டிக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. பம்பரம், பாதி உடைந்த காம்பஸ் பெட்டி, சிப்ஸ் பாக்கெட்டில் வந்த வட்ட அட்டைகள், ரப்பர் பேண்டு போட்ட பஸ் டிக்கெட்டுக் கட்டு, மாவட்டப் போட்டியில் செஸ்ஸுக்கு வாங்கின மெடல், முன்பல் விழுந்த போட்டோ. அந்த மெடலை ஒருதரம் என் கழுத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் பதமான குலைக்குச் செய்வது போல இரட்டைக் காகிதம் போட்டு அடுக்கி, உன் அப்பாவிடம் ஆணியடிக்கக் கொடுத்தேன்.

உன் அப்பாவின் கை அப்படிப்பட்ட கை. ஆணியடித்த மூடியைக் கண்டால் அது சும்மா இருக்காது. நீலப் பெயின்டில் பிரஷ்ஷைத் தொட்டு ஒரு வட்டம், வட்டத்துக்கு நடுவில் ஒரு கோடு. அதுதான் நம் மார்க். கேரளாவில் இறங்குகிற பெட்டியில் அந்த மார்க்கைப் பார்த்துத்தான் நம் தோட்டத்துப் பழம் என்று வியாபாரி எடுத்துக்கொள்வார். முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் அவர் ஆணியடித்த கையோடு பாத்திரப் பெட்டிக்கும் மார்க் போட்டார், போர்வைப் பெட்டிக்கும் போட்டார், உன் பெட்டிக்கும் போட்டார். போட்டது அவருக்கே தெரியாது. வீட்டுப் பெட்டியெல்லாம் கொட்டகையில் உள்சுவர் ஓரம் இருந்தன. உன் பெட்டி கடைசியாகக் கட்டியது, அங்கே இடமில்லாமல் வாசல் பக்கம் பழப்பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை லோடு ஏற்ற வந்தவர்கள் மார்க்கைப் பார்த்தார்கள், ஏற்றினார்கள். லாரி குமுளி மலை ஏறிக் கேரளாவுக்குப் போன பிறகு, சாயங்காலம் நான் எண்ணிப் பார்த்தேன். வீட்டுப் பெட்டி இருபத்தியொன்று இருக்க வேண்டும், இருபதுதான் இருந்தது.

இல்லாமல் போனது உன் பெட்டி. இருபத்தியொரு பெட்டியில் நீ தொடாதே என்று சொன்னது அது ஒன்றுதான். கோட்டயத்தில் நம் பழம் எடுக்கிற வர்கீஸ் அண்ணனைக் கூப்பிட்டால், லோடு வந்த கையோடு நாலு ஊர்க் கடைகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டேன் என்றார். "பேடிக்க வேண்டாம், பயப்பட வேண்டாம் சேச்சி, நான் கேட்டுப் பார்க்கட்டே" என்றார். உன் அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிரஷ்ஷைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டு, பிறகு தானே போய் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ கூப்பிட்டாய். "என் சாமானெல்லாம் அங்கனயே இருக்குல்லம்மா?" என்று கேட்டாய். நான் கொஞ்சம்கூடத் தயங்காமல், "அப்படியே இருக்குய்யா, ஒரு தூசி தட்டல" என்றேன். அதுதான் அந்தப் பொய். "அப்ப எனக்குன்னு அங்கன அதாவது இருக்கே. தேனி வீட்டுல எனக்கு என்ன இருக்கு? நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டு, வரமாட்டேன் என்று சொல்லி வைத்தாய். வீடு மாறுவதில் உனக்கு உண்மையில் எது வலிக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதைச் சரிசெய்யக் கையில் இருந்த ஒரே பெட்டியையும் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சமையலை ஒதுக்கி வைக்கும்போது வர்கீஸ் அண்ணன் கூப்பிட்டார். "சேச்சி, கிட்டிப்போச்சு கேட்டோ. பாலாப் பக்கம் ஒரு பழக்கடை. திராட்சைன்னு மூடியத் திறந்தா மேலயே பம்பரம். அவன் என்னைத் திட்டின திட்டு இருக்கே." "ஒண்ணும் கொறையலையேண்ணே?" என்றேன். "ஒண்ணும் போகல. எல்லாம் கண்டு அப்படியே திருப்பி வச்சாச்சு. பாவம், பையன் இத்தனை நாளா அழுதிருப்பானே. எத்தனை வயசு?" "முப்பத்திமூணு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில், அங்கே சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்களும் என்னவென்று கேட்டுச் சிரித்தது போனில் கேட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது நான்தான். உன் அப்பா பக்கத்தில் நின்று, "கெடச்சிருச்சா, கெடச்சிருச்சா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். பிறகு உன் அப்பாவே போனை வாங்கி, பால் காய்ச்சின மறுநாள் வருகிற வண்டியில் தேனி வீட்டிலேயே இறக்கினால் போதும், அவசரமில்லை என்று சொல்லி விலாசம் கொடுத்தார். வர்கீஸ் அண்ணன் கேட்டால்தானே. "முப்பத்திமூணு ஆனாலும் பையன் பையன்தானே" என்று, ஒரு பொட்டலம் நேந்திரங்காய்ச் சிப்ஸையும் உள்ளே வைத்து ஆணியடித்து, காலிப் பெட்டி கொண்டுவருகிற அடுத்த லாரியிலேயே ஏற்றிவிட்டார்.

நேற்று மத்தியானம் எஸ்தர் கூப்பிட்டாள். தேனியில் நாம் குடிபோகிற வீட்டுக்குச் சொந்தக்காரி அவள். கீழே ரவிக்கைத் துணிக்கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கடைவாசலில் நின்று தெருவில் போகிற எல்லாரோடும் பேசுகிறவள். வீட்டைப் பார்க்கப் போன அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. "அக்கா, ஒரு லாரிக்காரர் ஒங்க பேரச் சொல்லி ஒரு பெட்டிய எறக்கி வச்சுட்டுப் போயிட்டாக. மழை வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு வந்துச்சு. நனைஞ்சிரக் கூடாதேன்னு மேல வீட்டத் தெறந்து உள்ள வச்சுட்டேன். ரோட்டுப் பக்கத்து ரூம்புல இருக்கு. ஒங்க மொறையெல்லாம் எனக்குத் தெரியாது, தப்பா ஒண்ணும் இல்லையேக்கா?" என்றாள்.

தப்புத்தான். புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் போக வேண்டும், நிறைகுடத்துத் தண்ணீரும் சாமி விளக்கும் போக வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். உப்பு ஜாடியை ஒரு வாரமாகத் தனியாகக் கழுவித் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். உன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "உப்பு மஞ்சளுக்கு முன்னாடி பெட்டி போயிருச்சே. அந்தப் புள்ளைகிட்டச் சொல்லி வெளிய எடுத்து வைக்கச் சொல்லு. நாம போய் மொறையாக் கொண்டு போவோம்" என்றார். "எடுக்க வேணாம்" என்றேன். "ஏம்மா, மொறன்னு ஒண்ணு இருக்குல்ல?" "எது இல்லாட்டி வீடு ஆகாதோ அத முதல்ல கொண்டு போகணும், அதுதான மொற? அது போயிருச்சு. உப்பு ரெண்டாவதாப் போகட்டும்." அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, முட்டிக்குத் தேய்க்கிற தைலத்தைத் தேடுகிற மாதிரி உள்ளே போனார். தைலம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

ரோட்டுப் பக்கத்து அறை உனக்கென்று நான் பிடித்துவைத்தது தம்பி. எஸ்தருக்கு அது தெரியாது. உனக்கு ஜன்னலோரம்தான் பிடிக்கும், அங்கிருந்து பார்த்தால் மார்க்கெட்டுக்குப் போகிற காய்கறி வண்டியெல்லாம் தெரியும். தேனி வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாயே. இன்றைய தேதிக்கு அந்த வீட்டில் உன்னுடையது மட்டும்தான் இருக்கிறது. எங்கள் சாமான் ஒரு கரண்டிகூட இன்னும் போகவில்லை. நாங்கள்தான் உன் வீட்டுக்குப் பின்னால் வந்து சேரப்போகிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் பால் காய்ச்சுகிறோம். ரயில் இப்போது தேனிக்கே வருகிறது, இறங்கினால் ஆட்டோவில் பத்து நிமிஷம். கம்பத்துக்குப் பஸ் மாறி, வாய்க்கால் மேட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த கஷ்டமெல்லாம் இல்லை. மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. விறகடுப்பு கிடையாது, கேஸ்தான். வீடியோ எடுப்பதென்றால் நான் எதிர்க்கடையில் பேரம் பேசும்போது எடு, அதுதான் என் நிஜமான முகம். நீ வராவிட்டாலும் பால் காய்ச்சத்தான் செய்வேன், அதை இதைச் சொல்லி உன்னை மிரட்டவில்லை. எனக்கு இந்த வீட்டுக்குப் போவதில் அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதையும் முப்பத்தைந்து வருஷம் வாய்க்குள் வைத்திருக்க என்னால் முடியாது, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் பெட்டியை நாங்கள் திறக்கமாட்டோம். ஆணி பிடுங்குகிற சுத்தியலை எந்தப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினோம் என்று தெரியாமல், உன் அப்பா காலையிலிருந்து இருபது பெட்டியையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பெட்டியிலும் சத்தம் வரவில்லை, நான் அடுக்கினது அப்படி. "எதுக்கு இந்த அவசரம்?" என்று கேட்டால், "அவன் வந்து நின்னதும் கேப்பான்ல" என்கிறார். நீ வரமாட்டேன் என்று சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதையும் பொய்யாக்கிவிடாதே தம்பி.

அம்மா